ஒன்பதாம் கேள்வி

வால்டிவியாவில் மழை
அலுவலகத்துக்கு என்னோடுதான் வரும்,
என்னோடுதான் கிளம்பும்.
மூன்றாம் மாடியில் என் மேசை.
பல்கலைக்கழகத்துக் கண்டுபிடிப்புகள்
கடைத்தெருவுக்குப் போகிற வழியில்
இங்கே நின்று ஒரு கையெழுத்துப் போடும்.

படிவத்தில் பதினான்கு கேள்விகள்.
ஒன்பதாவது:
நீங்கள் ஏன் நிறுவனம் தொடங்க விரும்புகிறீர்கள்?
ஐந்து கட்டங்கள். ஒன்றில் குறியிடவும்.

பதினோரு வருடமாக வாசிக்கிறேன்.
எல்லோரும் 'சமூகப் பயன்' என்றே குறியிடுகிறார்கள்,
பேனா இம்மியும் தயங்காமல்.
பாசி எண்ணெய்க்காரர் ஃபவுஸ்தினோ ஓல்கீன்
குறியிட்டு எழுந்து, கதவருகில் திரும்பிச் சொன்னார்:
என் ஆய்வகத்தைத் துறைத்தலைவர்
சைக்கிள் கொட்டகை ஆக்கிய அன்றே முடிவு செய்துவிட்டேன்.
மரப்பசை கண்ட இருவர்
கடன் அடைக்க வேண்டும் என்றார்கள்;
ஒருவர்தான் சிரித்தார்.
இன்னொருத்திக்கு
ஆறு வருடமாக ஆறு மாத ஒப்பந்தம்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஓரியானா பார்ரியா வந்தது
ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
அவளுடையது ஒரு காகிதப் பட்டை,
விரல் நீளம்.
சிப்பிச் சாற்றில் நனைத்துப் பத்து நிமிடம்.
நஞ்சிருந்தால் ஒரு கோடு, இல்லையென்றால் இரண்டு.
கட்டுரை வெளிவந்து நான்கு வருடம்,
நாற்பத்தொரு மேற்கோள்.
"அந்த நாற்பத்தொரு பேரில்
சிப்பி எடுக்கிறவர் ஒருவரும் இல்லை" என்றாள்.
ஏட்டில் கிடந்தது பட்டை,
கடலில் கிடந்தது நஞ்சு.

ஒன்பதாம் கேள்வியில் பேனா நின்றது.
கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினாள்,
இடம் போதாமல் தாளைத் திருப்பினாள்:

'சிலோவே தீவில், கெய்யோன் துறையில்
ரொசாமெல் நவெல்கீன் என்று ஒரு முக்குளிப்பவர்.
செவ்வோதம் வந்தால் மாதிரிச் சிப்பி அனுப்புவார்.
எங்கள் வரிசையில் முடிவு வரப் பன்னிரண்டு நாள்.
பன்னிரண்டு நாளும் கடலை மூடி வைப்பார்கள்,
கடன்காரன் கதவைத் திறந்தே வைப்பான்.
ஒன்பதாம் நாள் ஒரு சிப்பியை அவரே தின்று பார்த்தார்.
உதடு மரத்ததும் தொலைபேசினார்:
"டாக்டர், உங்கள் இயந்திரத்தைவிட என் உதடு வேகம்."
பிழைத்துவிட்டார்.
அன்றைக்கு என் குளிர்பெட்டியில்
இருநூறு பட்டை இருந்தன.
அனுமதி இல்லாததால் அனுப்பவில்லை.
இது ஒன்று.
விற்றால் எவ்வளவு வரும் என்று
இரவில் கணக்குப் போட்டிருக்கிறேன்.
அந்தத் தொகை எனக்குப் பிடித்திருந்தது.
அப்புறம், ஸ்பெயினில் ஒருவன்
இதையே செய்துகொண்டிருக்கிறான்.
அவன் முந்தக் கூடாது.
எது பெரிய காரணம் என்று கேட்காதீர்கள்,
எல்லாம் ஒரே வலையில் ஏறியவை.'

கணினி ஏற்கவில்லை.
ஒன்பது காலியாக இருந்தால்
பத்து திறக்காது.
அவள் படியிறங்கிய பிறகு
'சமூகப் பயன்' கட்டத்தில் நானே குறியிட்டேன்.
பொய்யா என்றால்,
அதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருடம் ஆயிற்று.
இப்போது அவள் பாடம் எடுப்பதில்லை.
ஆற்றோரம் ஒழுகும் கொட்டகை, நான்கு பேர் சம்பளம்,
முதலீட்டாளரோடு ஒரு வழக்கு.
நுண்ணோக்கியைத் தொட்டு எத்தனை மாதம் என்று
கேட்டேன் ஒருநாள்;
மின்கட்டண ரசீதை மடித்துக்கொண்டே
வேறு பேச்சுக்குப் போனாள்.

சனிக்கிழமை, ஆற்றுச் சந்தை.
பின்னால் கடற்சிங்கங்கள் இருமுகின்றன.
எதுவினா கூடைக்கு ஒரு பட்டை நனைக்கிறாள்,
என்னைக் காத்திருக்கச் சொல்கிறாள்.
பட்டை அரைக்கிலோ சிப்பியின் விலை;
அந்த டாக்டரம்மா நாசமாய்ப் போக என்று
திட்டிக்கொண்டே பார்க்கிறாள்,
கண் எடுக்காமல்.
முதல் கோடு வருகிறது.
மழை வலுக்கிறது.
இரண்டாவது வர
ஏனோ இவ்வளவு நேரம்.

ஒரு கிலோ வாங்கினேன்.
வீட்டில் முதல் சிப்பியை விழுங்கிய பின்
உதட்டைத் தொட்டுப் பார்த்தேன்.